ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் நோயாளியின் ஃபைலை யார் திறக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கேஸ் ஷீட்டுகளைக் கயிறு கட்டி அலமாரியில் அடுக்கிய காலத்திலிருந்தே எனக்கு இதுதான் வேலை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. யார் எந்த ஃபைலைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று சிஸ்டர்கள் கேட்கிறார்கள், பில்லிங்கில் இருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள், காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் சின்ன நர்சிங் ஹோம் நடத்துபவர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். சில சமயம் நோயாளிகளே நேரில் வந்து கேட்கிறார்கள். அடிக்கடி வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாரும் நம்ம ஸ்டாஃப்தானே, அவர்களிடம் எதை மறைப்பது?

வடசென்னையில் ஆஸ்பத்திரி ஊழியரும் நோயாளியும் ஒரே தெருக்காரர்கள். ரிசப்ஷனில் உட்காரும் பெண் தண்டையார்பேட்டையிலிருந்து வருகிறாள் என்றால், அவள் தெருவில் நாலு குடும்பமாவது இதே ஆஸ்பத்திரிக்குத்தான் வரும். ரேஷன் கடை வரிசையிலும், தண்ணீர் லாரி வரும்போதும், ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடத்திலும் எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள். இந்த நெருக்கம் பெரிய பலம். நடு ராத்திரியில் நெஞ்சுவலி என்றால் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து சேர்க்கிறார். ஆனால் ஒரு ரிப்போர்ட் வெளியே கசிந்தால், முகம் தெரியாத ஒருவன் கையில் அது கிடைப்பதைவிட இந்தத் தெருவுக்குள் போவதுதான் அதிகம் வலிக்கும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தாறு வயதுப் பையன். காசநோய்க்கு ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டுக் குணமானவன். ஏதோ காய்ச்சல் என்று திரும்ப வந்தான். இரண்டு வாரம் கழித்து, அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் 'பையனுக்கு டிபியாமே' என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். அவன் அம்மா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "எம் புள்ள சீட்ட யாரு பாத்தாங்கன்னு மட்டும் சொல்லும்மா" என்றார். கம்ப்யூட்டரில் தேடினோம். காய்ச்சலுக்காக அவன் வந்துபோன பிறகு அவன் ஃபைல் மூன்று தடவை திறக்கப்பட்டிருந்தது. மூன்று தடவையும் ஒரே லாகின், 'ரிசப்ஷன் 1'. அந்த லாகினை ஆறு பேர் பயன்படுத்தினார்கள். அதற்கு மேல் அந்த அம்மாவிடம் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் பட்ட வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது அந்த நாளிலிருந்து வந்ததுதான். ஒரு ஃபைலைத் திறக்க வேண்டுமென்றால், அந்த நோயாளிக்காக இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும். திறந்தவர் யார் என்று ஆளின் பெயரோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இது சட்டமா, ஆஸ்பத்திரி தானாக வைத்துக்கொள்ளும் ஒழுங்கா?

இரண்டும்தான். மின்னணு சுகாதாரப் பதிவுகளுக்கான தரநிலைகளை மத்திய சுகாதார அமைச்சகம் முதலில் 2013-லும், திருத்தி 2016-லும் வெளியிட்டது. பதிவில் இருக்கும் தகவல் நோயாளிக்குச் சொந்தம், ஆஸ்பத்திரி அதை நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை என்று மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. எச்ஐவி பற்றி 2017-ல் ஒரு தனிச் சட்டம், மனநலத்துக்கு அதே 2017-ல் இன்னொன்று வந்தன. கடைசியாக வந்தது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

அவகாசம் இருக்கிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சில நர்சிங் ஹோம்காரர்கள் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். லாகினைப் பிரிப்பதும் யாருக்கு எது என்று வரையறுப்பதும் ஒரு மாதத்தில் முடிகிற வேலை இல்லை. எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

சரி, யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

பதவியை வைத்து ஆரம்பிக்காதீர்கள், வேலையை வைத்து ஆரம்பியுங்கள். ரிசப்ஷனுக்குப் பெயர், வயது, போன் நம்பர், எந்த டாக்டர், எத்தனை மணி என்பது போதும். என்ன நோய் என்று தெரிய வேண்டியதில்லை. பல சாஃப்ட்வேர்களில் அப்பாயின்ட்மென்ட் திரையிலேயே 'வந்த காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும், அங்கே 'வெள்ளைப்படுதல்', 'குடிப்பழக்கம்' என்றெல்லாம் அடித்து வைத்திருப்பார்கள். கவுன்டருக்கு வெளியே நிற்பவருக்கும் அது தெரியும். நாங்கள் முதலில் எடுத்தது அந்தக் கட்டத்தைத்தான்.

பில்லிங் கொஞ்சம் சிக்கல். என்ன டெஸ்ட் செய்தோம் என்பது பில்லில் வரத்தான் செய்யும், அதை மறைக்க முடியாது. ஆனால் ரிசல்ட் அவர்களுக்குத் தேவையில்லை. இன்சூரன்ஸ் டெஸ்க் வேறு மாதிரி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்க நோயின் பெயர், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வேண்டும். கிளைம் நடக்கிற நோயாளிக்கு மட்டும், அது முடியும்வரை மட்டும் அவர்களுக்குத் திறந்துவையுங்கள். மருந்தகத்துக்கு மருந்துச் சீட்டு, அலர்ஜி, அவர் சாப்பிடும் மற்ற மருந்துகள் போதும். லேபுக்கு அந்த சாம்பிள், எதற்காக டெஸ்ட் என்ற விவரம், முந்தைய அளவுகள். சிஸ்டருக்கு அவர் டூட்டியில் இருக்கும் வார்டின் நோயாளிகள் எல்லாரும். இதை டூட்டி ரோஸ்டரோடு இணைத்துவிட்டால், வார்டு மாறும்போது திரையும் தானாக மாறும்.

வார்டு பாய்க்கும் ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களுக்கும் லாகின் தேவையே இல்லை. அதற்காக அவர்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. தொற்று உள்ள நோயாளியின் அறைக்குள் போகிறவருக்கு மாஸ்க் போட வேண்டும், கையுறை போட வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் உயிருக்கு ஆபத்து. எனவே கதவில் என்ன போட்டுக்கொண்டு போக வேண்டும் என்ற படத்தை ஒட்டுகிறோம், நோயின் பெயரை எழுதுவதில்லை.

அப்புறம் முதலாளி. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு வரவு, எத்தனை படுக்கை காலி என்று பார்க்க அவருக்கு எண்கள் போதும், பெயர்கள் வேண்டாம். 'என் ஆஸ்பத்திரி, நான் பார்க்கக் கூடாதா?' என்று கேட்டால், கட்டிடமும் கம்ப்யூட்டரும் உங்களுடையது சார், உள்ளே இருப்பது அவர்களுடையது என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

டாக்டர் எதையும் திறக்கலாம்தானே?

தான் பார்க்கும் நோயாளியை, தன்னிடம் கருத்துக் கேட்டு அனுப்பப்பட்ட நோயாளியைத் திறக்கலாம். ராத்திரி டூட்டி டாக்டருக்கு அட்மிஷனில் இருக்கும் எல்லாரும், கேஷுவால்டிக்கு வருகிற எல்லாரும் திறந்தே இருக்க வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு டாக்டரிடம் ஓபியில் வந்துபோனவரின் ஃபைல் அவருக்கு இன்றைக்கு எதற்கு?

அவசரத்தில் கதவு பூட்டியிருந்தால் உயிர் போகுமே?

போகும். அதனால்தான் பூட்டோடு ஒரு அவசரத் திறப்பும் இருக்க வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி இடித்து, நினைவில்லாமல் ஒருவரை ராத்திரி இரண்டு மணிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். சட்டைப் பையில் நம் ஆஸ்பத்திரி அட்டை இருக்கிறது. அவர் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவரா, எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று டாக்டருக்கு அந்த நிமிஷமே தெரிய வேண்டும். அப்போது யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஒரே பட்டன், காரணம் ஒரு வரி, ஃபைல் திறந்துவிடும். மறுநாள் காலையில் அந்தத் திறப்பு என் திரைக்கு வரும், நான் போன் செய்து கேட்பேன்.

இதில் அனுபவத்தில் தெரிந்தது இரண்டு. காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லாரும் முதல் வரியைத்தான் அழுத்துவார்கள். எனவே கையால் அடிக்கச் சொல்லுங்கள், 'ஆக்சிடென்ட், மயக்கம்' என்று இரண்டு வார்த்தை இருந்தாலும் போதும். அடுத்தது, அவசரத் திறப்பு தினமும் நடந்தால் ஆள் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் நம் அமைப்பைச் சந்தேகப்படுங்கள். எங்கள் ஐசியு சிஸ்டர்கள் ஒரு மாதம் முழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். நான் கொஞ்சம் கோபமாகவே மேலே போனேன். போய்ப் பார்த்தால், ஆபரேஷன் தியேட்டர் குறிப்புகள் ஐசியு திரையில் வரவே இல்லை. நோயாளி கட்டிலில் கிடக்க, ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் அவர்கள் எப்படி வேலை செய்வார்கள்? தப்பு எங்களுடையது. அன்றைக்கே சரி செய்தோம்.

ஒரே வார்டில் எல்லாரும் ஒரு லாகினைப் பயன்படுத்தினால் என்ன?

சாயங்காலம் ஏழே முக்கால் மணிக்கு ஒரு வார்டில் போய் நின்று பாருங்கள். ஷிஃப்ட் மாறும் நேரம். ஒரு கம்ப்யூட்டர், ஐந்து சிஸ்டர்கள். ஒருவர் மருந்து கொடுத்ததைப் பதிய வேண்டும், ஒருவர் பிபி ஏற்ற வேண்டும், ஒருவர் டிஸ்சார்ஜுக்கு அவசரப்படுகிறார். வெளியே வந்து திரும்ப உள்ளே நுழைய ஒரு நிமிஷம் ஆகிறது. கீபோர்டைத் தூக்கிப் பார்த்தேன். ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற அதே காகிதப் பிளாஸ்டரில், பேனாவால் பாஸ்வேர்ட் எழுதி ஒட்டியிருந்தது. ஓரம் கறுத்துப்போயிருந்தது. அவ்வளவு நாளாக அங்கே இருந்திருக்கிறது.

அந்தப் பிளாஸ்டரைக் கிழித்துவிட்டுத் திட்டிவிட்டு வந்தால் மறுநாள் வேறு இடத்தில் ஒட்டுவார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, அவர்களுக்கு நேரம் இல்லை. நாங்கள் அந்த வார்டுக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டோம். ஐடி கார்டைத் தட்டினால் உள்ளே போகும்படி செய்தோம். விட்ட இடத்திலிருந்தே திரை திரும்ப வரும். அப்புறம் யாரும் லாகின் பகிரவில்லை. நடைபாதைக் கம்ப்யூட்டர் இரண்டு நிமிஷத்தில் பூட்டிக்கொள்ளும், டாக்டர் அறையில் பத்து நிமிஷம்.

சிஸ்டர்களுக்கு நான் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. உங்கள் லாகினில் வேறொருவர் ஒரு மருந்தைப் பதிந்து, நாளைக்கு அதில் பிரச்சினை வந்தால் பதிவில் இருப்பது உங்கள் பெயர். உங்கள் கையெழுத்து போட்ட வெள்ளைத் தாளை யாரிடமாவது கொடுப்பீர்களா? அதே மாதிரிதான் இதுவும்.

பாஸ்வேர்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?

கசிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே. மற்றபடி மாதாமாதம் மாற்றச் சொன்னால், கடைசி எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் பிளாஸ்டரில் எழுதுவார்கள். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-லேயே, காரணமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று எழுதியது. நீளமாக, நாலைந்து சொற்கள் சேர்ந்ததாக இருந்தால் நல்லது. வீட்டிலிருந்து நுழையும் டாக்டர்களுக்கு பாஸ்வேர்டோடு ஓடிபியும் கட்டாயம்.

யார் திறந்தது என்று லாக்கில்தான் பதிவாகிறதே, அது போதாதா?

பதிவாகிறது, யார் படிக்கிறார்கள்? எந்த ஃபைல், யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எத்தனை மணிக்கு என்று சாஃப்ட்வேர் வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். புகார் வரும்வரை பல இடங்களில் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நெதர்லாந்தில் தி ஹேக் நகரத்து ஹாகா மருத்துவமனையில் 2018-ல் டிவியில் பிரபலமான ஒருவர் சேர்க்கப்பட்டார். சிகிச்சைக்குச் சம்பந்தமே இல்லாத ஊழியர்கள் பல பத்துப் பேர் அவர் ஃபைலைத் திறந்து பார்த்திருந்தார்கள். மறு வருஷம் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 4,60,000 யூரோ அபராதம் போட்டது. லாக்கை முறையாகச் சோதிக்காததும், பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு இல்லாததும்தான் அவர்கள் சொன்ன காரணங்கள்.

நான் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் இதற்கென்று உட்காருகிறேன். அந்த வாரம் ஓபிக்கும் வராமல், அட்மிஷனிலும் இல்லாமல் இருந்தும் ஃபைல் திறக்கப்பட்டவர்களை முதலில் பார்ப்பேன். அப்புறம் ஊழியர்களின் ஃபைல்கள். அந்த வாரம் ஏரியாவில் பேசப்பட்ட சம்பவம் ஏதாவது இருந்தால், அதில் அடிபட்டவரின் ஃபைல்.

பக்கத்து வீட்டுக்காரர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வெளிநாட்டு சாஃப்ட்வேரில் ஊழியரின் குடும்பப் பெயரும் நோயாளியின் குடும்பப் பெயரும் ஒன்றா என்று ஒப்பிடும் ரிப்போர்ட் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தானே. 'எம்' இனிஷியல் வைத்துத் தேடினால் பாதி ஆஸ்பத்திரி வந்து நிற்கும். பின்கோடை வைத்துப் பார்த்தேன். 600013, 600021, 600081 மூன்றில்தான் எங்கள் ஊழியர்களிலும் நோயாளிகளிலும் பெரும்பாலானவர்கள், அதனால் அதுவும் உதவவில்லை. கடைசியில் தெருப் பெயரையும் போன் நம்பரையும் வைத்து ஒப்பிட்டோம். ஊழியர் அவசரத்துக்குக் கொடுத்த வீட்டு நம்பரும் நோயாளியின் நம்பரும் ஒன்றாக இருந்தால் அது ஒரே வீடு. இந்த வழி எங்களுக்குச் சரியாக வந்தது. உங்கள் சாஃப்ட்வேர்க்காரரிடமும் கேட்டுப் பாருங்கள், பெரிய வேலை இல்லை.

கூடவே, வாரம் பத்துத் திறப்புகளைக் குலுக்கல் முறையில் எடுத்து 'இதை எதற்காகத் திறந்தீர்கள்?' என்று கேட்கிறேன். கிட்டத்தட்ட எல்லாருக்கும் நியாயமான காரணம் இருக்கும். குற்றவாளியைப் பார்ப்பது போலக் கேட்காதீர்கள், சாதாரணமாகக் கேளுங்கள். ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்தாலே சும்மா எட்டிப் பார்க்கும் பழக்கம் குறைந்துவிடும்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் கடிகாரம் ஒன்றாக ஓடுகிறதா என்று பாருங்கள். எங்கள் லேப் கம்ப்யூட்டர் பதினோரு நிமிஷம் பின்னால் ஓடி, அந்த நேரம் டூட்டியிலேயே இல்லாத ஒரு பையன் மேல் சந்தேகம் விழுந்தது. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். கணினி அவசரப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் கொடுத்த உத்தரவிலும் கடிகாரங்களை ஒன்றாக வைக்கச் சொல்லியிருக்கிறது. லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும், சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான்.

நானே இங்கே வேலை செய்கிறேன், இங்கேயே சிகிச்சையும் எடுக்கிறேன். கூட வேலை செய்பவர்கள் பார்க்கமாட்டார்களா?

இந்தக் கேள்வியை மெல்லிய குரலில்தான் கேட்பார்கள். அந்தப் பயம் நியாயமானது.

ஃபின்லாந்தில் ஒரு நர்ஸ். ஓர் அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் வேலை செய்தார், அதே மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில் எச்ஐவிக்குச் சிகிச்சை எடுத்தார். 1992 தொடக்கத்தில், கூட வேலை செய்பவர்களுக்குத் தன் நோய் தெரிந்துவிட்டது என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. யார் பார்த்தார்கள் என்று கேட்டார். அங்கிருந்த பதிவு முறையில் கடைசி ஐந்து தடவை மட்டும்தான் தெரிந்தது, அதுவும் எந்தப் பிரிவு என்றுதான் இருந்தது, எந்த ஆள் என்று இல்லை. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை, உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்றார். விடவில்லை. 2008 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கசிந்தது என்று நர்ஸ் நிரூபிக்கவில்லையே என்று தள்ளாமல், சிகிச்சையோடு சம்பந்தமில்லாதவர்கள் பார்க்க முடியாதபடி பதிவைக் காத்திருக்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு என்றது.

இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் அம்மாதான் ஞாபகம் வந்தார். எங்கள் 'ரிசப்ஷன் 1' லாகினும் அவர்களுடைய பிரிவுப் பெயரும் ஒன்றுதான். இப்போது எங்கள் ஊழியர் யார் நோயாளியாக வந்தாலும் அவர் ஃபைலுக்குத் தனிக் குறி போடுகிறோம். சிகிச்சை செய்யும் டாக்டரும் அந்த வார்டு சிஸ்டர்களும் தவிர வேறு யார் திறந்தாலும் எனக்கு உடனே மெசேஜ் வரும். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதில் தப்பில்லை.

எச்ஐவி, மனநலம், கருக்கலைப்பு, இவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் 1986-ல் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். அந்த நோயாளிகள் பட்ட அவமானத்தை இந்த ஊர் நன்றாகவே பார்த்திருக்கிறது. 2017 சட்டப்படி, சட்டம் விலக்களித்த சில சூழ்நிலைகள் தவிர, அவருடைய சம்மதம் இல்லாமல் எச்ஐவி நிலையை யாரிடமும் சொல்லக் கூடாது. பழைய கேஸ் ஷீட்டில் மேலே சிவப்பு மையில் எழுதி வட்டம் போடுவார்கள், கட்டிலில் அட்டை தொங்கவிடுவார்கள். அதே பழக்கம் கம்ப்யூட்டரில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிறமாக வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்கும்போது எல்லா நோயாளிக்கும் கையுறை போடுவதுதான் முறை.

கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தம், அந்தப் பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதிக்காதவர்களிடம் சொன்னால் ஒரு வருஷம் வரை சிறை என்கிறது. மாமியார் கவுன்டரில் வந்து நின்று 'என் மருமகள்தான், சொல்லு' என்று கேட்டாலும் சொல்லக் கூடாது.

மனநலக் குறிப்புகளை மனநல டாக்டரும் அவர் குழுவும் மட்டும் பார்க்கும்படி பிரித்துவிடுங்கள். சாப்பிடும் மருந்துகளின் பெயர் மட்டும் மற்ற டாக்டர்களுக்குத் தெரிந்தால் போதும். அதையும் மறைத்தால் மருந்தோடு மருந்து மோதி ஆபத்தாகும்.

வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பலாமா?

நோயாளி கொடுத்த நம்பருக்கு, அவர் கேட்டால், அனுப்பலாம். வார்டு குரூப்பில் திரையைப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். நாம் இவ்வளவு யோசித்துப் போட்ட பூட்டு எல்லாம் அந்த ஒரு போட்டோவில் வீணாகிவிடும். வேலையை விட்டுப் போனவர்கள்கூட அந்தக் குரூப்பில் இருப்பார்கள். பெரிய டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிக் கேட்க வேண்டிய அவசரம் வரும், தெரியும். பெயரும் எண்ணும் தெரியாமல் வெட்டி, அவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

போலீஸ் வந்து கேட்டால்?

கவுன்டரில் இருப்பவர் திரையைத் திருப்பிக் காட்டக் கூடாது. எழுத்தில் வாங்கி மெடிக்கல் சூப்பரின்டென்டென்டிடம் கொடுங்கள், சட்டப்படி கொடுக்க வேண்டியதை அவர் கொடுப்பார். விபத்துப் பதிவேட்டுக்கு வழக்கமான முறை இருக்கிறது.

வேலையை விட்டவர்களின் லாகினை எப்போது மூட வேண்டும்?

கடைசி நாள் சாயங்காலம். போர்ச்சுகலில் பரைரோ என்ற ஊர் மருத்துவமனையில் 296 டாக்டர்கள்தான் இருந்தார்கள், டாக்டர் என்ற அனுமதியோடு 985 லாகின்கள் உயிரோடு இருந்தன. 2018-ல் அவர்களுக்கு 4,00,000 யூரோ அபராதம். எங்கள் ஆஸ்பத்திரியில் முதல் தடவை எண்ணிப் பார்த்தபோது எங்களுக்கும் தலை குனிவுதான். பயிற்சிக்கு வந்துபோன நர்சிங் மாணவிகளின் லாகின்கள் வருஷக்கணக்காக மூடாமல் கிடந்தன. இப்போது கடைசிச் சம்பளக் கணக்கை முடிக்கும் தாளில் என் கையெழுத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. லாகினை மூடாமல் நான் போடுவதில்லை.

சாஃப்ட்வேர் கம்பெனியின் சப்போர்ட் ஆட்களுக்கும் இதேதான். அவர்கள் தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும்போது நம் ஆள் ஒருவர் கூடவே உட்கார்ந்து பார்க்கட்டும், வேலை முடிந்ததும் வழியை மூடிவிடட்டும்.

என் கிளினிக்கில் மூன்றே பேர். எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

மூன்று பேருக்கு மூன்று லாகின். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். மாதம் ஒரு தடவை லாக்கைப் பாருங்கள். போதும்.

வெள்ளம் வந்து கரன்ட் போனால்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னை பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சைபர் தாக்குதலில் சிக்கி, நாள்கணக்கில் பல வேலைகளைக் காகிதத்தில்தான் செய்தது. எனவே மழை எச்சரிக்கை வந்ததுமே அட்மிஷனில் இருப்பவர்களின் மருந்துப் பட்டியலையும் அலர்ஜியையும் பிரின்ட் எடுத்து, சிஸ்டர் இன்சார்ஜ் கையில் கொடுத்துவிடுகிறோம். கரன்ட் வந்ததும் அந்தத் தாள்களை எண்ணி வாங்குவதுதான் முக்கியம். ஒரு தடவை எண்ணாமல் விட்டோம். நோயாளிகளின் பெயரும் மருந்தும் இருந்த தாளின் பின்பக்கத்தில் கேன்டீன் கணக்கு எழுதியிருந்தார்கள்.

ஆபா எண் வாங்கினால் என் ஃபைலை எல்லா ஆஸ்பத்திரியும் பார்க்குமா?

இல்லை. ஆபா என்பது மத்திய அரசு கொடுக்கும் 14 இலக்க டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண், அது ஒரு முகவரி மாதிரி. அந்த வழியாக வேறு ஆஸ்பத்திரி உங்கள் பதிவைக் கேட்டால் உங்கள் சம்மதம் வேண்டும், எதை, எவ்வளவு நாளைக்கு என்றும் நீங்கள் சொல்லலாம். ஆனால் ஒரு ஆஸ்பத்திரிக்கு உள்ளே யார் பார்க்கிறார்கள் என்பது அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பு.

தப்பாகத் திறந்தவரை வேலையை விட்டு எடுத்துவிடலாமா?

எதற்காகத் திறந்தார் என்று முதலில் கேளுங்கள். சொந்த அம்மாவின் ரிசல்ட் வந்ததா என்று பதறிப் பார்த்த சிஸ்டரும், தெருவில் போய்ச் சொல்வதற்காகப் பார்த்தவரும் ஒன்றா? முதலாமவரிடம் பேசிப் புரியவைத்து எழுதி வாங்கினால் போதும். வெளியே சொன்னவரை விடக் கூடாது. அது யாராக இருந்தாலும் ஒரே மாதிரி. ரிசப்ஷன் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதையே செய்த சீனியர் டாக்டரிடம் சிரித்துக்கொண்டே 'இனிமேல் வேண்டாம் சார்' என்று முடித்தால், அடுத்த நாளிலிருந்து இந்த விதிகளை யாரும் மதிக்கமாட்டார்கள்.

நான் நோயாளி. என் ஃபைலை யார் பார்த்தார்கள் என்று கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். உள்நோயாளியாக இருந்தால், பதிவின் நகலை நீங்கள் கேட்டு 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 விதிகளே சொல்கின்றன. அதே மனுவில் இதையும் சேர்த்துக் கேட்கலாம். பெயர், ஆஸ்பத்திரி பதிவு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். உங்களுக்கு யார் மேலாவது சந்தேகம் இருந்தால் அதையும் எழுதலாம், எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் அல்லது ரெக்கார்ட்ஸ் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலைப் பத்திரமாக வையுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ரெக்கார்ட்ஸ் அறை தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கு எதிரே இருக்கிறது. எழுதத் தெரியாது என்றால் வாயால் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். படித்துக் காட்டிய பிறகு கையெழுத்தோ ரேகையோ வைத்தால் போதும்.